கழுவிய உருளைக்கிழங்கு

சாட்ஸ்வொர்த்தில் டிசம்பர் என்றால்
லிச்சித் தோல் மிதிபடும் வாசல்.
குளிர் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான்.
சன்னலில் பஞ்சு ஒட்டிப் பனி செய்திருந்தாள்
நாத்தனார் செலினா.
வெயிலில் பசை இளகி
மூன்று தடவை கீழே விழுந்துவிட்டது பனி.

மிகாயாவுக்கு ஆறு மாதம் பதினோரு நாள்.
பல் இரண்டு. சரியாகச் சொன்னால் ஒன்றரை.
ஜனவரி மூன்றாம் தேதி
பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில்
எனக்காக ஓர் ஓவர்லாக் மெஷின் காத்திருக்கிறது.
அதற்குள் இவள் எதையாவது தின்னப் பழக வேண்டும்.
என்னைத் தவிர எதையாவது.

பட்டர்நட் வேகவைத்து மசித்தேன். துப்பினாள்.
வாழைப்பழம் என் கழுத்துக்கு வந்தது.
பக்கத்து வீட்டு நொக்குதுலா
பூசணியும் சோளமாவும் போட்டுக் கிண்டிய இசிஜிங்கி
ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள்,
என் நாலு பிள்ளையும் இதில் வளர்ந்ததுதான் என்று.
மிகாயா அதை வாயில் வைத்துக்கொண்டு
வழக்கு கேட்கும் நீதிபதி மாதிரி
கூரையைப் பார்த்தாள் சற்று நேரம்.
பிறகு துப்பினாள்.
மிச்சத்தை நின்றபடியே நான் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச் விட்டு வந்த
பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு யோசனை.
கஸ்டர்ட் ஒரு துளி வை.
கோழி எலும்பைச் சப்பக் கொடு.
பிராந்தியில் ஊறிய திராட்சையைக்
கேக்கிலிருந்து நோண்டி எடுத்து
நல்லாத் தூங்கும் என்றாள் டாலி ஆண்டி.
ஒரு வயதுவரை தேன் கூடாது, உப்பு கூடாது,
கிளினிக் அட்டையைப் படித்துக் காட்டினேன்.
"உன்னை என்ன அட்டையா வளர்த்தது?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
கரியபோளம் குழைத்து முலைக்காம்பில் தடவு,
மூணே நாள், பால் மறந்துடும் என்றாள்.
கைப்பையில் கொண்டே வந்திருந்தாள்,
காகிதத்தில் மடித்து.

டிவிக்கு மேலே அட்டைக் குடிசையில்
பொம்மைப் பிள்ளை படுத்திருந்தது.
பக்கத்தில் மூன்று சாஸ்திரிகள்,
ஒருவருக்குக் கை உடைந்து போயிருந்தது.
பொன். தூபவர்க்கம். வெள்ளைப்போளம்.
அவ்வளவு தூரம் நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள்
தின்கிறாற்போல ஒன்றும் கொண்டுவரவில்லை.
அந்தப் பிள்ளை முதலில் எதை விழுங்கியது,
யார் மசித்தது, எத்தனை முறை துப்பியது,
யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.
மரியாளுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டிருக்குமே,
அதையும்.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போயிற்று.
விசிறி நின்று, ஈ வந்து,
பிரியாணித் தட்டுகள் மடிக்கு வந்தன.
பருப்பும் உருளைக்கிழங்கும் விழுந்த எங்கள் ஊர்ப் பிரியாணி.
ரெவாஷன் மடியில் இருந்தவள்
ஒரே தாவலில் அவன் தட்டிலிருந்து
மஞ்சள் கிழங்கு ஒன்றைப் பிடித்துவிட்டாள்.
காரம் என்று நான் கத்தினேன்.
உப்பு என்று செலினா.
டாலி ஆண்டி மட்டும் கை தட்டினாள்.

ரெவாஷன் எதுவும் பேசவில்லை.
பிள்ளையோடும் கிழங்கோடும் எழுந்து போய்
சமையலறைக் குழாயைத் திறந்தான்.
கழுவினான். நக்கிப் பார்த்தான்.
மறுபடி கழுவினான்.
நகத்தால் ஒரு கிராம்பைச் சுரண்டி எறிந்துவிட்டு
மூன்றாம் தடவையும்.
வெளுத்து, நனைந்து,
கிழங்கா சோப்பா என்று தெரியாத ஒன்றை
அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

ஒன்றரைப் பல்லால் அதைச் சுரண்டினாள்.
ஈறால் அரைத்தாள்.
பதினேழு பேரும் எச்சில் கை காயக் காயப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.
துப்பவில்லை.

எல்லோரும் சிரித்தபோது
என் புதுப் பச்சைச் சட்டையில்
இரண்டு வட்டமாகப் பால் நனைந்திருந்தது.
கேக் தட்டை எடுத்து மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு
யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டும் என்று
வீடு முழுக்கச் சுற்றினேன்.

இரவு பதினோரு மணிக்கு அழுது எழுந்தாள்.
கிழங்கு கேட்டு அல்ல.
காகித மடிப்பு ஃப்ரிட்ஜ் மேல் இருந்த இடத்திலேயே இருந்தது.
இன்னும் ஒன்பது நாள்.
கொடுத்தேன்.
எவ்வளவு கழுவியும்
அவள் மூச்சில் லேசாகச் சீரகம்.